காற்றுத்தின்னியின் முகம்

மலரக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் மன்னார் ஆஸ்பத்திரி மருந்தறையில், கண்ணாடித் துவாரத்துக்கு இந்தப் பக்கம் நின்று, ஒரு அம்மாவுக்கு எந்தக் குளிசை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அச்சகத்து நிலாம் நானா. வேலை நேரத்தில் அழைக்கிற மனிதர் அல்ல அவர். "பிள்ளை" என்றார். பின்னால் அச்சு மெசின் ஓடுகிற சத்தம் கேட்டது. அதை யாரோ நிறுத்தினார்கள். "மலர் போயிட்டா பிள்ளை. வவுனியாவில. இண்டைக்குக் காலமை."

நான் அந்த அம்மாவுக்கு மிச்சத்தையும் சொல்லி முடித்தேன். என்ன சொன்னேன் என்று தெரியாது. அவர் வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "முன்னுக்கோ பின்னுக்கோ எண்டு இன்னொருக்காச் சொல்லுங்கோ பிள்ளை. நீங்கள் ரெண்டையும் முன்னுக்கு எண்டு சொல்லிப்போட்டீங்கள்" என்றார்.

சிவமலர் என்ற பெயர் உங்களில் பலருக்குப் படகுகளின் விலாவிலிருந்து தெரிந்திருக்கும். ஓலைத்தொடுவாயிலும் பேசாலையிலும் கரையேறிக் கிடக்கும் படகுகளில் பாதிக்குப் பெயர் எழுதியவர் அவர். சிலருக்கு அவரை 'சோளகன்' படக்கதையின் ஓவியராகத் தெரியும். அந்தக் கதையின் கடைசி இதழ் வந்த பிறகு வேறு விதமாகவும் அவரைத் தெரிந்துகொண்டவர்கள் உண்டு. அதைப் பற்றித்தான் எழுதவேண்டும் என்று நினைக்கிறேன். இதை எழுத உட்காருகிறேன், எழும்புகிறேன், கதவைத் திறந்து முற்றத்தைப் பார்க்கிறேன், திரும்பவும் உட்காருகிறேன். உட்காராமல் வேலை செய்கிறவர் மலரக்காதான். படம் கீறும்போதும் நின்றபடியே கீறுவார். "இருந்து கீறினா கோடு நித்திரை கொண்டிடும் ஜெசி" என்பார். அவர் வீட்டில் துணி மடிக்கும் உயரமான மேசைதான் எங்கள் கொமிக்ஸ் பிறந்த இடம்.

முதலில் அவரைக் கண்டது ஓலைத்தொடுவாயில். நடமாடும் மருத்துவ முகாம் ஒன்றுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து மருந்துப் பெட்டிகளோடு போயிருந்தேன். கரையில் ஏற்றிவைத்திருந்த ஒரு படகின் அடியில் ஒரு பெண் மல்லாந்து படுத்துக்கிடந்தார். அவர் படுத்திருந்து நான் கண்டது அந்த ஒரு தடவைதான். ஒரு படகில் அந்தோனியார், பக்கத்துப் படகில் பிள்ளையார், அதற்கடுத்ததில் பிறையும் நட்சத்திரமும், எல்லாம் ஒரே கையின் வேலை என்று பார்த்ததும் தெரிந்தது. குனிந்து பார்த்தேன். படகின் அடிவயிற்றில், தண்ணீருக்குள் போகிற பகுதியில், அலைமேல் ஓடுகிற ஒரு மனிதனைக் கீறிக்கொண்டிருந்தார்.

"இது தண்ணிக்குக் கீழ போயிடுமே அக்கா" என்றேன்.

"ஆமா. ஓனருக்குக் காட்டாதீங்கோ" என்றார்.

அவருடைய பேச்சில் இரண்டு கரையும் இருக்கும். சின்ன வயதில் முருங்கன் பக்கத்து வயல் கிராமத்திலிருந்து குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய், தமிழ்நாட்டு முகாமில் வளர்ந்து, அங்கே சுவர் விளம்பரம் எழுதக் கற்று, நடுவயதில் திரும்பி வந்தவர். 'வாறன்' என்று தொடங்கி 'சரிங்க' என்று முடிப்பார். படகின் அடியில் ஓடும் அந்த மனிதன் யார் என்று கேட்டேன். "தெரியேல்ல. பேர் வைக்கேல்ல. காத்து அடிச்சா ஓடுவான், அவ்வளவுதான்" என்றார். எனக்குக் கதை எழுதும் பழக்கம் இருந்தது, போட இடம் இருக்கவில்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் என் ஊரான தோட்டவெளியிலிருந்து பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனேன்.

அந்த மனிதனுக்குச் சோளகன் என்று பெயர் வைத்தேன். பகலில் பேசாலையில் படகு எஞ்சின் திருத்துகிறவன். தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று எழும்பினால் கடல்மேல் ஓடுவான், கவிழ்ந்த படகுகளை ஒற்றைக் கையால் நிமிர்த்துவான். காற்று விழுந்தால் சாதாரண மனிதன். நீச்சல்கூடச் சரியாக வராது. முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது புத்தளம் போய், பிறகு திரும்பி வந்து மன்னார் பட்டினத்தில் சின்ன அச்சகம் போட்டிருந்த நிலாம் நானா, கலியாணக் கார்டுகளுக்கும் ரசீதுப் புத்தகங்களுக்கும் இடையில் எங்களுக்கு மெசினைத் தந்தார். சலூன்களிலும் பாடசாலை வாசல் கடைகளிலும் பஸ் நிலையத்திலும் இதழ்கள் தொங்கின. பிள்ளைகளுக்கென்று தொடங்கியதை ஓட்டோக்காரர்கள் வாசித்தார்கள். மருந்து வாங்க வரிசையில் நிற்கிறவர்கள் துவாரத்துக்குள் தலையை நீட்டி, "மிஸ், அடுத்தது எப்ப?" என்று கேட்டார்கள்.

பிறகு காற்றுத்தின்னி வந்தது. சோளகனின் எதிரி. உடம்பு முழுக்கப் பழைய வலைகளைச் சுற்றிக்கொண்டு, முகத்தில் சங்கு ஓடுகளால் செய்த கவசம் அணிந்து, வாயைத் திறந்து மன்னார்த் தீவின் காற்றையெல்லாம் குடிக்கிற ஒன்று. காற்றில்லாமல் எஞ்சின்கள் மூச்சடைத்து நின்றன. மீன் கருவாடாகக் காயாமல் அழுகியது. சோளகன் தன் சக்தி போய், அரை ஆழத்துத் தண்ணீரில் தள்ளாடினான். இதழுக்கு இதழ் கதை இறுகிக்கொண்டு போனது. ஐந்தாவது இதழின் கடைசிப் பக்கத்தில் சோளகன் காற்றுத்தின்னியைப் பிடித்துவிடுகிறான். கவசம் கழன்று முகம் தெரியவேண்டும் என்று நான் எழுதியிருந்தேன். மலரக்கா கீறிக்கொண்டு வந்த பக்கத்தில் சோளகனின் கை கவசத்தின்மேல் இருந்தது. அவ்வளவுதான்.

"முகம் எங்கே அக்கா?"

"முகம் எனக்கு இன்னும் தெரியேல்ல. தெரிஞ்சாப் பிறகு கீறுறன்."

இதழ் அப்படியே வெளிவந்தது. இவ்வளவு ஆட்கள் எங்கள் கொமிக்ஸை வாசிக்கிறார்கள் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. முதலில் அது சந்தோசமாக இருந்தது. பஸ் நிலையத்துக் கடைக்காரர், காற்றுத்தின்னி யாரென்று தனக்கு மட்டும் சொல்லச் சொன்னார். பாடசாலைப் பிள்ளைகள் பந்தயம் கட்டினார்கள். தீவில் காற்றாலைகள் சுழலத் தொடங்கிய பிறகு இங்கே காற்று என்றாலே வாக்குவாதம்தான். ஆகவே அது கம்பனிக்காரன் என்றார்கள் சிலர். பிறகு கேள்வியின் குரல் மாறியது. யார் என்று கேட்டவர்கள், "பேர் என்ன?" என்று கேட்கத் தொடங்கினார்கள். இந்தக் கரையில் பேர் என்ன என்று கேட்டால் என்ன கேட்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பெயரைச் சொன்னால் சமயம் தெரியும், சமயம் தெரிந்தால் ஊர் தெரியும், ஊர் தெரிந்தால் அந்த ஊர்க்காரர் எல்லாரும் அதற்குள் வந்துவிடுவார்கள்.

எங்கள் தேவாலயப் பங்குச் சபையிலிருந்து ஒரு பெரியவர் வீட்டுக்கு வந்தார். நான் பிறந்த காலத்திலிருந்து என்னைத் தெரிந்தவர். தேத்தண்ணி குடித்தார், அம்மாவின் முழங்காலைப் பற்றி விசாரித்தார். எழும்பும்போது, "ஆரெண்டு நான் கேக்கேல்ல மகள். ஆர் இல்லையெண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றார். அந்தக் கிழமையே நிலாம் நானாவிடம் பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவர் வந்து, கிட்டத்தட்ட இதே வார்த்தைகளைச் சொல்லிப்போயிருந்தார். மலரக்காவின் ஊர்க் கோயில் தலைவர் அவருடைய கணவர் ராசன் அண்ணாவை வயல் வரம்பில் மறித்துக் கேட்டார். முகாமிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் சில சேர்ந்து ஒரு அக்காவை அனுப்பினார்கள். "வலையைச் சுத்திக்கொண்டு, வீடில்லாம, ஒளிஞ்சு திரியுற ஆள் எண்டு கீறியிருக்கிறீங்கள். எங்கட ஆக்களெண்டு போட்டிராதீங்கோ மலர்." ஒருவரும் மிரட்டவில்லை. எல்லாரும் மரியாதையாகவே கேட்டார்கள். அந்த மரியாதைக்குத்தான் நான் பயந்தேன்.

நான் பல வழிகள் சொன்னேன். வேறு கிரகத்திலிருந்து வந்தது என்று வைப்போம். இயந்திரம் என்று வைப்போம். ஊரும் பேரும் இல்லாத ஒருவன் என்று விட்டுவிடுவோம். நாங்கள் மூன்று பேரும் அச்சகத்தில் இருந்தோம். முகம் வரவேண்டிய பக்கமும் அதற்குப் பிறகு வரும் கடைசிப் பக்கங்களும் தவிர ஆறாவது இதழ் முழுக்கத் தயாராகக் கிடந்தது. ஒரு கலியாணக் கார்டு வேலைக்காக மறுநாள் மத்தியானத்துக்கு மெசினைக் கொடுத்தாகவேண்டும். மலரக்கா உட்காரவில்லை. வழமைபோல வாசலுக்கும் மெசினுக்கும் இடையில் நடந்துகொண்டிருந்தார்.

"பேரில்லாத ஆளை எனக்குக் கீறத் தெரியாது ஜெசி" என்றார். "முகாமில பேர் கூப்பிட்டு முகம் பாப்பாங்க. பேர் இருந்து முகம் இல்லாட்டி அண்டைக்கு அரிசி இல்ல. முகம் இருந்து பேர் இல்லாட்டி ஆளே இல்ல. நான் அப்பிடி வளந்தனான்."

"பேர் வைச்சா ஒரு ஊரே எங்கட வாசலுக்கு வரும் அக்கா."

"பேரில்லாத ஆள் காத்தத் திண்டா ஆருக்குக் கோவம் வரும்? ஆரில கோவப்படுறது?"

நிலாம் நானா பேப்பர்க் கட்டின்மேல் கையை வைத்தபடி இருந்தார். "நான் ஒருக்கா எல்லாத்தையும் விட்டிட்டு, கட்டின சாரத்தோட போனவன், பிள்ளை" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். மலரக்காவைப் பார்த்து, "இந்த மெசினைத் தோளில தூக்கிக்கொண்டு என்னால போக ஏலாது" என்றார். அவர் குரல் உயரவே இல்லை.

மலரக்கா நடையை நிறுத்தினார். வெற்றுத் தாள்களை உரப்பைக்குள் சுருட்டி வைத்தார். "நாளைக்குக் காலமை வாறன்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

மறுநாள் நான் அரைநாள் லீவு போட்டேன். முதல் பஸ்ஸில் வந்திறங்கினார். தீவுக்கு வரும் பாலத்துக் காற்றில் தலைமயிர் எல்லாப் பக்கமும் நின்றது. உரப்பையிலிருந்து பக்கத்தை எடுத்து மெசினின்மேல் விரித்தார். காற்றுத்தின்னி சோளகனின் கையை விலக்கிவிட்டுக் கவசத்தைத் தானே கழற்றுகிறது. உள்ளே ஒரு பெண். நாற்பதைத் தாண்டிய முகம். இடது புருவத்தை வெட்டிப்போகும் தழும்பு. முன்பல்லில் ஒரு சின்ன உடைவு. கண்ணுக்குக் கீழே நித்திரையில்லாத கறுப்பு. பக்கத்தில் பேச்சுக் குமிழி வெறுமையாக இருந்தது.

நிலாம் நானா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். நிமிர்ந்து மலரக்காவைப் பார்த்தார். திரும்பக் குனிந்தார். பிறகு கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

"இது உங்கட முகமெல்லோ."

"ஓம் நானா. வேற ஆரின்ர முகத்தை நான் கேக்காம எடுக்கலாம்?"

மலரக்கா பேனாவை எடுத்து என் கையில் தந்தார். எழுத்தெல்லாம் என் கையால் எழுதுவதுதான் வழமை. "எழுது. சொல் உன்ர வேலை. என் பெயர் சிவமலர் எண்டு எழுது. ஊரையும் எழுது." நான் முடியாது என்றேன். வேறு ஏதாவது பெயர் வைப்போம், முகம் இருக்கட்டும் என்றேன். "முகம் என்னுது, பேர் இன்னொருத்தியிதா? அப்ப அந்தப் பேர்க்காரி என்ன பாவம் செய்தவள்?" என்றார். எழுதினேன். என் எழுத்து அந்தக் குமிழியில் மட்டும் கோணியிருப்பதை இதழ் வைத்திருப்பவர்கள் இப்போதும் பார்க்கலாம்.

மற்றப் பக்கங்களையும் விரித்தார். முதலாவதில் சுற்றிவரக் கடல், நடுவில் ஒரு மணல்திட்டு, அதில் நிற்கிற ஒரு சின்னப் பெண், தூரத்தில் பாய் விரித்துப் போகும் ஒரு படகு. காற்றுத்தின்னி பேராசையால் காற்றைத் திருடியது என்றுதான் நான் எழுதியிருந்தேன்.

"இது கதையில இல்லையே அக்கா."

"இருக்கு. நீ எழுதேல்ல."

நின்றபடியே சொன்னார். தங்களை இந்தியாவுக்குக் கொண்டுபோன படகுக்காரன் பாதிவழியில் மணல்திட்டில் இறக்கிவிட்டது, கரையில் விட்டுவந்த சித்தப்பா குடும்பத்தை ஏற்றிவர அவருடைய அப்பா அதே படகில் திரும்பிப் போனது. "அம்மா வேண்டாமெண்டவ. அப்பா சொன்னார், நல்ல காத்து அடிக்குது, கெதியில வந்திடுவன் எண்டு. அண்டைக்குக் காத்து இல்லாட்டி அவர் போயிருக்கமாட்டார்." அவர் வரவில்லை. என்ன நடந்தது என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. சித்தப்பா குடும்பம் கரையிலேயே காத்திருந்ததாம். படகு அங்கேயும் போகவில்லை. "அதால காத்துத்தின்னி காத்தத் திண்டது" என்றார் மலரக்கா. "இனி ஒருத்தரும் போகக்கூடாது எண்டு."

அதைக் கேட்டபிறகு நான் மெசினுக்குப் பக்கத்தில் நின்று பேச்சுக் குமிழிகளைத் திருப்பி எழுதினேன். உட்கார என்னாலும் முடியவில்லை. முடிவு உங்களுக்குத் தெரியும். சோளகன் காற்றுத்தின்னியை அடிக்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் குந்துகிறான். "திறந்து விடுங்கோ. கரையில எல்லாரும் பட்டினி" என்கிறான். அவள் வாயைத் திறக்கிறாள். காற்று வெளியே வருகிறது, எஞ்சின்கள் இருமிக்கொண்டு உயிர்க்கின்றன, படகுகள் ஒவ்வொன்றாகக் கரையை விட்டுப் போகின்றன. கடைசிக் கட்டத்தில் அவள் கரையில் நின்று அவை போவதைப் பார்க்கிறாள். அந்தக் கட்டத்துக்கு வசனம் எழுதவேண்டாம் என்று மலரக்கா சொன்னார்.

இதழ் கடைகளுக்குப் போன நாளில் கிட்டத்தட்ட எல்லாரும் ஆறுதலடைந்தார்கள். பங்குச் சபைப் பெரியவர் போனில் எடுத்து, "நல்ல முடிவு மகள்" என்றார். பள்ளிவாசலிலிருந்து நிலாம் நானாவுக்கு நல்ல வார்த்தை வந்தது. கோயில் தலைவருக்குப் பெயரைக் கண்டதும் கோபம் வந்து, யாரைக் கேட்டுத் தங்கள் ஊரைப் போட்டாய் என்று வீட்டுக்கு வந்தாராம். "என்ர ஊர்தானே ஐயா. நான் என்னைத்தானே சொன்னனான்" என்றிருக்கிறார் மலரக்கா.

ஆனால் முகத்தைக் கொடுத்தவருக்கு அதோடு முடியவில்லை. பஸ்ஸில் பிள்ளைகள் அவரைக் கண்டு கிசுகிசுத்தார்கள். சின்னஞ்சிறுசுகள் அழுதார்கள். ஒரு கலியாண வீட்டில் ஒரு தாய் பாவாடைக்குப் பின்னால் பிள்ளையை இழுத்து மறைத்ததை நானே கண்டேன். அந்தத் தாய் சிரித்துக்கொண்டுதான் செய்தார், ஆனாலும் மறைத்தார். ராசன் அண்ணா, "உனக்கு வேற முகம் கிடைக்கேல்லையா?" என்று மட்டும் கேட்டாராம். பிறகு கடல் அசையாமல் கிடந்த ஒரு காலம் வந்தது. மீன்பாடு இல்லை. கரையில் சிரித்துப் பகிடியாகத் தொடங்கினார்கள், மலர் காத்தத் திண்டிட்டா என்று. பகிடி சிலருக்குப் பகிடியாக இருக்கவில்லை. ஓலைத்தொடுவாயில் புதுப்படகுக்குப் பெயர் எழுத அவரைக் கூப்பிட்டிருந்த ஒருவர், தூரிகையைத் தொடுவதற்கு முன்னமே, "வேண்டாம் அக்கா. வீட்டில விரும்பீனமில்ல" என்று திருப்பி அனுப்பினார். வந்த பஸ்ஸே திரும்பிப் போகும்வரை வெயிலில் நின்றுவிட்டு வந்தேன் என்று மலரக்கா என்னிடம் சொன்னார். குறைப்பட்டுச் சொல்லவில்லை. ஆனால் அன்று மருந்தறைக்கு வெளியே நின்று பேசிய நேரம் முழுக்க, கைவிரல்களால் தன் தொடையில் எதையோ எழுதிக்கொண்டே இருந்தார்.

அந்த நாட்களில்தான் பேசாலையிலிருந்து ஒரு படகுக்காரர் அவரைத் தேடிப் போனார். அவர் கேட்டது பெயர் அல்ல, முகம். இந்திய இழுவைப் படகுகள் வந்து தன் வலைகளை அறுத்துப்போவதில் நொந்துபோனவர் அவர். "காத்துத்தின்னியை முன்னுக்குப் பெரிசாக் கீறித் தாங்கோ. அவங்கள் கண்டு பயப்பிடட்டும்" என்றார். மலரக்கா வயிறு நோகச் சிரித்தார். தன் முகத்தைத் தானே, பல்லுடைவோடு, படகின் மூக்கில் ஆள் உயரத்துக்குக் கீறிக்கொடுத்தார். இழுவைப் படகுகள் பயந்தனவா என்று எனக்குத் தெரியாது. அந்த வேலையைப் பார்க்க நான் போயிருந்தேன். அன்றுதான் அவரிடம் நேராகக் கேட்டேன், ஏன் செய்தீர்கள் என்று.

முன்பும் கேட்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பதில். ஒருமுறை, "நானாவின்ர மெசின் காத்துக்கொண்டு நிண்டது, நேரமில்ல" என்றார். இன்னொருமுறை, "என்ர முகம் எனக்குப் பாடம். கண்ணாடி பாக்காமலே கீறுவன்" என்றார். அன்று ஒரு தூரிகையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இன்னொன்றால் தன் உருவத்தின் கண்ணுக்கு வெள்ளை தீட்டிக்கொண்டிருந்தார். வாயிலிருந்த தூரிகையை எடுத்துவிட்டுச் சொன்னார்.

"ஆராவது ஒருத்தர் சொல்லவேணும்தானே ஜெசி. ஓம், நான்தான் செய்தனான், இதுதான் என்ர பேர் எண்டு. இவ்வளவு காலத்தில எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல. அப்பாவைப் பற்றி எத்தின கந்தோர்ப் படி அம்மா ஏறி இறங்கினவ. எல்லாரும் இருத்தித் தேத்தண்ணி குடுப்பினம். நாங்கள் இல்லை எண்டு சொல்லுவினம். படக்கதையிலயாவது ஒரு ஆள் சொல்லட்டும் எண்டுதான்."

இதுதான் உண்மையான பதிலா, இதுவும் அந்த நேரத்துக்கு வந்த ஒன்றா, எனக்குத் தெரியாது. இரவில் படுத்தபிறகு மற்றப் பதில்கள்தான் உண்மையாகத் தோன்றுகின்றன. எழும்பினால் இது.

அவருடன் கடைசியாகப் பஸ்ஸில் வந்த நாள் ஒன்றைச் சொல்லவேண்டும். பாடசாலைவிட்டு ஏறிய ஒரு பிள்ளை எங்கள் இருக்கைக்குப் பக்கத்தில் நின்று அவரை நெடுநேரம் பார்த்தாள். பிறகு நேராகவே, "நீங்கள் ஏன் காத்தத் திண்டனீங்கள்?" என்று கேட்டாள். "பசி" என்றார் மலரக்கா. பஸ் முழுக்கச் சிரித்தது. பிள்ளை சிரிக்கவில்லை. "இப்பவும் பசிக்குதா?" என்றாள். மலரக்கா இறங்கும்வரை அந்தப் பிள்ளையின் புத்தகப் பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

மழைக்காலத்தில் ராசன் அண்ணாவின் வயலில் ஆட்கள் குறைந்து இவரும் சேற்றில் இறங்கினார். சில நாட்களில் காய்ச்சல். வயல்காரருக்கு எப்போதும் வருகிற காய்ச்சல்தானே என்று பனடோல் போட்டுக்கொண்டு, நின்றபடி புதுக்கதைக்குப் படம் கீறியிருக்கிறார். எலிக்காய்ச்சல் என்று தெரிந்தபோது அது சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டது. வவுனியாவுக்குக் கொண்டுபோனார்கள். நாள் முழுக்க மருந்துகளுக்கு நடுவில் நிற்கிற என்னிடம் அவர் காய்ச்சல் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "படுக்கச் சொன்னன். படுக்கமாட்டன் எண்டவ" என்று ராசன் அண்ணா செத்தவீட்டுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னார். மலரக்காவின் அம்மா, மணல்திட்டில் நின்று கணவனைப் போகவேண்டாம் என்று சொன்ன அதே அம்மா, ஒரு மூலையில் இருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாரும் வந்திருந்தார்கள். பங்குச் சபைப் பெரியவர், பள்ளிவாசல் நிர்வாகத்து மனிதர், கோயில் தலைவர், திரும்பி வந்த குடும்பங்களின் அந்த அக்கா. பந்தலுக்குள் பிளாஸ்ரிக் கதிரைகளில் அருகருகே இருந்தார்கள். "நல்ல மனுசி. ஒருத்தரையும் நோகப்பண்ணேல்ல" என்றார் பெரியவர். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அவர் ஒருவரை நோகப்பண்ணினார், தன்னை, உங்கள் எல்லாருக்கும் பதிலாக, தன் பெயர் போட்டு, தன் முகத்தைக் காட்டி, என்று எழும்பிச் சொல்ல நினைத்தேன். நிலாம் நானா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வாங்கோ பிள்ளை, வெளியில நிப்பம்" என்று கூட்டிக்கொண்டு போனார். வயல் வரம்பில் நின்றோம். அவர் அழுதார். நான் அழவில்லை. இன்னும் அழவில்லை.

மலரக்காவிடமிருந்து நான் எதை எடுத்து வைத்திருக்கிறேன் என்று சொல்லித்தான் இதை முடிக்கவேண்டும். படங்கள் ராசன் அண்ணாவிடம் இருக்கின்றன, அவை அவருக்குரியவை. என்னிடம் இருப்பது ஒரு அந்தரம், ஒரு நிலைகொள்ளாமை. ஒருவனைக் கெட்டவன் என்று எழுதி, அவனுக்குப் பெயர் வைக்கப் போகிற நேரத்தில் கை நின்றுவிடுகிறது. யாருடைய பெயரை நான் கேட்காமல் எடுக்கிறேன் என்று தோன்றுகிறது. நாங்கள் தொடங்கியிருந்த புதுக்கதையில் ஊருக்கு வருகிற குடிதண்ணீரைத் திருடுகிற ஒருத்தி வருகிறாள். கதையை நிறுத்தவேண்டாம் என்று நிலாம் நானா சொல்கிறார். கீறுவதற்கு முருங்கனில் ஒரு பெடியனைப் பார்த்து வைத்திருக்கிறார். முந்தாநாள் அந்தப் பாத்திரத்துக்குப் பெயர் எழுத உட்கார்ந்தேன். எல்லாச் சமயத்திலும் எல்லா ஊரிலும் தேடிவிட்டு, கடைசியில் ஜெசிந்தா என்று என் பெயரையே எழுதினேன். தோட்டவெளி என்றும் எழுதினேன்.

எழுதியதிலிருந்து நித்திரை இல்லை. அந்தப் பெயர் அச்சாகி, கடையில் தொங்கி, என் அம்மாவின் கண்ணில் படப்போவதை நினைத்தால் எழும்பி நடக்கிறேன். மலரக்கா தன் முகத்தைக் கீறி முடித்த அன்று எப்படிப் படுத்தார், படுத்தாரா, என்று கேட்கவேண்டும்போல இருக்கிறது. கேட்க ஆளில்லை. பெயரை நான் அழிக்கவில்லை.